மேட்ரிக்ஸ் டெஸ்ட் பெட்டி: யாருக்கு லாயக்கு, யாருக்கு வீண் செலவு

மனச்சிதைவு நோயாளிகளுக்கு எந்த அறிவாற்றல் டெஸ்ட் வாங்கலாம் என்று மறுவாழ்வு மையம் நடத்துகிறவர்களும், எம்ஃபில் முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சைக்காலஜிஸ்டுகளும் கேட்பது வழக்கம். கேட்கும்போதே பாதிப் பேர் "மேட்ரிக்ஸ்தானே கோல்டு ஸ்டாண்டர்டு, அதையே வாங்கிடலாம்ல?" என்று பதிலையும் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆராய்ச்சி பண்ணப் போகிறீர்கள் என்றால் ஆமாம், வாங்குங்கள், அதைவிட நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட பெட்டி இந்த நோய்க்கு எனக்குத் தெரிந்து இல்லை. கிளினிக்கில் வருகிறவர்களுக்கு டெஸ்ட் வைத்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கத்தான் என்றால் வேண்டாம். இந்தப் பெட்டியோடு வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம்.

மற்றவர்களுக்கு விவரம். முழுப் பெயர் மேட்ரிக்ஸ் கன்சென்சஸ் காக்னிட்டிவ் பேட்டரி, சுருக்கமாக எம்சிசிபி. பேட்டரி என்றால் டெஸ்ட்களின் தொகுப்பு. அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்து, கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மார்டர், மைக்கேல் கிரீன், கீத் நியூக்டர்லைன் ஆகியோர் முன்னின்று நடத்திய திட்டத்தில் உருவானது. பின்னணி என்னவென்றால், மனச்சிதைவில் குரல் கேட்பதும் சந்தேகமும் மாத்திரைக்கு ஓரளவு அடங்கிவிடும். ஆனால் ஞாபகம், கவனம், யோசிக்கிற வேகம் இவை அடிவாங்கியது அப்படியே கிடக்கும், வேலைக்குப் போக முடியாமல் பண்ணுவதில் பெரிய பங்கு அதற்குத்தான். அதற்கென்று மருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால், மருந்து வேலை செய்ததா என்று பார்க்க எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் அளவுகோல் வேண்டும். அதுவரை ஆளுக்கொரு டெஸ்ட் வைத்து ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்தப் பெட்டி. இது மருந்து ஆய்வுக்காகப் பிறந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை பூராவும் அதில்தான் இருக்கிறது.

உள்ளே 10 டெஸ்ட்கள், அவை 7 திறன்களை அளக்கின்றன: யோசிக்கும் வேகம், கவனம், வேலை ஞாபகம் (ஒரு விஷயத்தைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொண்டே அதை வைத்து யோசிப்பது), சொல் வழிக் கற்றல், பார்வை வழிக் கற்றல், சிக்கல் தீர்த்தல், சமூகப் புரிதல். மேனுவல்படி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நிஜத்தில், கூச்சப்படுகிற ஆள், நடுவில் டீ, பாத்ரூம், "இதெல்லாம் எதுக்கு மேடம்" என்ற கேள்வி எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

வேலிடேஷன், அதாவது டெஸ்ட் அளக்க வேண்டியதைச் சரியாக அளக்கிறதா என்ற சோதனை, அதைச் செய்த விதத்தில்தான் இந்தப் பெட்டிக்கு முழு மார்க். 90க்கும் மேற்பட்ட டெஸ்ட்களின் பெயர்கள் முதலில் வந்தன, அதை 36 ஆக்கி, பிறகு 20 ஆக்கி, அந்த இருபதையும் 176 மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 4 வாரம் கழித்து அவர்களில் 167 பேரைத் திரும்ப உட்காரவைத்தார்கள். இந்த நோயில் இத்தனை பேரைத் திரும்ப வரவைத்ததே பெரிய விஷயம், ஃபாலோ அப் பார்க்கிறவர்களுக்கு அந்த அருமை தெரியும். எந்த டெஸ்ட் தேறும் என்பதற்கு அவர்கள் வைத்த கேள்விகளும் எனக்குப் பிடிக்கும்: ரெண்டாம் தடவை வைத்தால் ஏறக்குறைய அதே மார்க் வருகிறதா, திரும்பத் திரும்ப வைத்தால் பழக்கத்தாலேயே மார்க் ஏறிவிடுகிறதா, அன்றாட வாழ்க்கையோடு தொடர்பு இருக்கிறதா, மருந்து கொடுத்தால் மார்க் மாற வாய்ப்பு உண்டா, கடைசியாக, நோயாளி இதைப் பொறுத்துக்கொள்கிறாரா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கிற மனசு எல்லா டெஸ்ட்காரர்களுக்கும் இருப்பதில்லை.

முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. மொத்த மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை, அதாவது ரெண்டு தடவையும் மார்க் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது (1 என்றால் முழுசாக), 0.90 அளவுக்கு வந்தது. தனித்தனி டெஸ்ட்களில் 0.68 முதல் 0.85 வரை. அந்தக் குறைந்த 0.68, சொற்களைப் படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொல்லும் சொல் பட்டியல் டெஸ்டுக்கு உரியது, அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த டெஸ்டில் ரெண்டாம் தடவை வேறு பட்டியல் கொடுக்கிறார்கள். அதே பட்டியலைக் கொடுத்தால் மனப்பாடம் ஆகிவிடும், வேறு கொடுத்தால் ரெண்டும் நூற்றுக்கு நூறு ஒரே கடினமாக இருக்காது. எது பரவாயில்லை என்று யோசித்து இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

சரி, கையில் எடுத்து நடத்தும்போது எப்படி இருக்கிறது? சிம்பல் கோடிங் அருமை. மேலே ஒரு குறிக்கு ஓர் எண் என்று கொடுத்திருக்கும், அதைப் பார்த்து 90 நொடியில் முடிந்த அளவு நிரப்ப வேண்டும். ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும், யாரும் முனகுவதில்லை, பேட்டரியிலேயே நோயாளிக்கும் நோய் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாகக் காட்டுவதும் இந்த வகை டெஸ்ட்தான். 2007-இல் டிக்கின்சன் குழு 37 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது இந்த வகையில்தான் மிகப் பெரிய இடைவெளி வந்தது, ஒன்றரை திட்டவிலக்கத்துக்கும் மேல் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதன் அளவுதான் திட்டவிலக்கம்). ஒரே ஒரு எச்சரிக்கை, பேனா பிடித்தே பல வருஷம் ஆனவர்கள் எழுதுகிற வேகத்தாலேயே பின்தங்குவார்கள், மாத்திரையால் கை நடுக்கம் இருந்தாலும் அப்படித்தான். அதை ரிப்போர்ட்டில் எழுதாமல் வெறும் மார்க்கைப் போடுவது அநியாயம்.

ஒரு நிமிஷத்தில் மிருகங்களின் பெயர் சொல்லும் டெஸ்டும் எளிது, அதோடு கொஞ்சம் சிரிப்பும் வரும். பறவை, மீன், பூச்சி எல்லாம் கணக்கில் வரும் என்பதால் கடலோரத்து ஆள் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, சுறா என்று ஆரம்பித்தால் என் பேனா பின்னாலேயே ஓடும். நகரத்து அபார்ட்மென்டில் வளர்ந்த பட்டதாரி சிங்கம், புலி, யானை சொல்லிவிட்டு மேலே பார்ப்பார். ரெண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே வயது. இதில் எவ்வளவு மூளை, எவ்வளவு ஊர் என்று மார்க்கைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரில் வரும் கவன டெஸ்ட், சிபிடி, அதுதான் எல்லோருக்கும் பிடிக்காதது. திரையில் எண்கள் நொடிக்கு ஒன்றாக மின்னி மறையும், அடுத்தடுத்து ஒரே எண் ரெண்டு தடவை வந்தால் பட்டனை அழுத்தணும், முதலில் ரெண்டு இலக்கம், அப்புறம் மூன்று, அப்புறம் நாலு. சலிப்பூட்டுவதுதான் இதன் நோக்கமே, சலிப்பிலும் கவனம் நிற்கிறதா என்று பார்ப்பது. அறிவியலாகச் சரி. ஆனால் குரல் கேட்கிற ஒருவர் அந்தக் குரலே எண் சொல்லித் தொல்லை பண்ணுகிறது என்றால் அதற்கு அந்த புரோகிராமில் ஒரு கட்டமும் கிடையாது. நீங்கள் ஓரத்தில் கையால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். புகைப்பழக்கம் உள்ளவர் என்றால் கடைசி பீடி எப்போது என்றும் கேட்டு எழுதுங்கள், நிகோட்டின் இறங்கினால் கவனமும் சேர்ந்து இறங்கும்.

பெட்டியிலேயே பலவீனமான இடம் சமூகப் புரிதல் டெஸ்ட். மெஸ்கீட் என்ற பெரிய உணர்ச்சி நுண்ணறிவு டெஸ்டிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவருடைய நிலைமையைச் சொல்லி, அவர் இப்படிச் செய்தால் எவ்வளவு பலன் இருக்கும், அப்படிச் செய்தால் எவ்வளவு என்று கேட்பது. கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது, அதனால் சொல்லவில்லை. சரியான விடை எது என்பதைப் பெரும்பாலானவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். எந்த ஊர்ப் பெரும்பாலானவர்கள்? மாமனாரோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒரு பெண் மனஸ்தாபத்தை வாய் திறந்து பேசாமல் விடுவது நம் ஊரில் சாமர்த்தியம், அங்கே அது தப்பான விடையாகிவிடலாம். இந்த ஒரு டெஸ்ட் நாடு விட்டு நாடு போகும்போது தடுமாறுகிறது என்ற விமர்சனம் பல இடங்களிலிருந்தும் வந்திருக்கிறது. மொத்த மதிப்பெண்ணில் இதுவும் ஒரு பங்கு என்பதுதான் எரிச்சல்.

அடுத்த தலைவலி எண்ணும் எழுத்தும் கலந்த டெஸ்ட். நாம் கலந்து சொல்வோம், அவர் முதலில் எண்களை ஏறுவரிசையிலும் அப்புறம் எழுத்துகளை அகர வரிசையிலும் அடுக்கிச் சொல்லணும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவருக்கு ஏ, பி, சி தூக்கத்திலும் வரும். தமிழில் உயிரெழுத்தை மட்டும் வைத்தால் அ-ஆ, இ-ஈ என்று குறிலும் நெடிலும் காதில் குழம்பும். மெய்யெழுத்துக்குப் போனால் ழ, ள, ற, ன வரிசையில் படித்தவர்களே ஒரு நொடி நின்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு நொடி போதும், டெஸ்ட் வேலை ஞாபகத்தை விட்டுவிட்டு ரெண்டாம் வகுப்புப் பாடத்தை அளக்க ஆரம்பித்துவிடும். இதை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, தமிழ் பேசுகிற நோய் இல்லாதவர்களுக்கு வைத்துப் பார்த்து, கடினம் ஒரே அளவில் ஏறுகிறதா என்று புதிதாகச் சோதிக்கணும். கூகுளில் போட்டு மொழிபெயர்த்து, கீழே அமெரிக்க நார்ம்ஸை, அதாவது நோய் இல்லாதவர்களின் ஒப்பீட்டு மதிப்பெண்களை, ஒட்டவைத்த ரிப்போர்ட்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. எங்கிருந்து என்று கேட்காதீர்கள்.

நார்ம்ஸ் என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. மார்க் வெறும் மார்க்காக இருந்தால் பயனில்லை, இந்த வயதில் நோய் இல்லாதவர் எவ்வளவு எடுப்பார் என்ற ஒப்பீடு வேண்டும். மேட்ரிக்ஸ்காரர்கள் அமெரிக்காவில் 5 இடங்களில் 300 பேருக்கு இந்தப் பத்து டெஸ்டையும் சேர்த்து வைத்து அந்த ஒப்பீட்டைத் தயாரித்தார்கள். பத்தும் ஒரே 300 பேரிடம் என்பது பெரிய பலம், ஏனென்றால் பழைய முறையில் ஒரு டெஸ்டின் நார்ம்ஸ் ஓர் ஊரிலும் இன்னொன்றுடையது வேறு ஊரிலும் இருக்கும், ரெண்டையும் பக்கத்தில் வைத்து இதில் பலம், அதில் பலவீனம் என்று பேசவே முடியாது. சராசரி 50, திட்டவிலக்கம் 10. மனச்சிதைவு உள்ளவர்கள் ஒரு குழுவாகப் பார்த்தால் அதிலிருந்து ஒன்று முதல் ரெண்டு திட்டவிலக்கம் கீழே நிற்பார்கள். ஆனால் அந்த 300 பேரின் வயது 20 முதல் 59 வரை. நோய் ஆரம்பிக்கிற வயதோ பலருக்கு பதினெட்டு, பத்தொன்பது. காலேஜ் முதல் வருஷத்தில் முதல் தடவை நோய் வந்த பையனைக் கூட்டி வந்தால் அவனை யாரோடு ஒப்பிடுவது?

அதைவிடச் சிக்கலானது படிப்பு. மேட்ரிக்ஸில் வயதுக்கும் பாலினத்துக்கும் சரிக்கட்டிய மதிப்பெண்ணைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள், படிப்புக்குச் சரிக்கட்ட வேண்டாம் என்கிறார்கள். காரணம் நியாயமானது: நோயே படிப்பைக் கெடுக்கிறது, ஒருவர் பன்னிரண்டாவதோடு நின்றதே நோயால் என்றால், பன்னிரண்டாவது படித்த மற்றவர்களோடு அவரை ஒப்பிடும்போது நோய் பண்ணின சேதத்தை நாமே மூடி மறைக்கிறோம். அமெரிக்காவில் இது சரி. இங்கே ஐம்பது வயதுப் பெண் ஐந்தாவதோடு நின்றார் என்றால் அதற்கு நோய் காரணமே இல்லை, வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்தினார்கள், நோய் வந்தது இருபது வருஷம் கழித்து. அவருக்குப் படிப்பைக் கணக்கில் எடுக்காமல் மார்க் போட்டால் மூளை படுமோசம் என்று வரும். எடுத்துப் போட்டால் ஓரளவு நியாயமான படம் கிடைக்கும். எந்தச் சரிக்கட்டல் யாருக்கு என்பதை சாஃப்ட்வேர் சொல்லாது, வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து எப்போது படிப்பு நின்றது, ஏன் நின்றது என்று கேட்டால்தான் தெரியும். சீனாவில் 600க்கும் மேற்பட்டவர்களை வைத்துத் தங்கள் நார்ம்ஸைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள், ஸ்பெயினிலும் செய்தார்கள். அதுதான் வழி.

இந்த அளவுகோலை வைத்து ஒரு மருந்தாவது வந்ததா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. ஐக்லெபெர்டின் என்ற மருந்து, மருந்து ஆய்வின் ரெண்டாம் கட்டத்தில் 509 பேரிடம் மேட்ரிக்ஸ் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டி எல்லோருக்கும் ஆசை காட்டியது. மூன்றாம் கட்டத்தில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது தேறவில்லை என்று 2025 ஜனவரியில் கம்பெனியே அறிவித்தது. உடனே டெஸ்டில்தான் கோளாறு என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நான் அந்தக் கட்சி இல்லை. மருந்தே இல்லாத அறிவாற்றல் மறுபயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள், 2011-இல் 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் நடுத்தர அளவில் முன்னேற்றம் தெரிந்தது. அந்த ஆய்வுகளில் இருந்தவை பல வகை டெஸ்ட்கள்தான், ஆனால் இதே இனத்தைச் சேர்ந்தவை. மாற்றம் வந்தால் இந்த மாதிரி டெஸ்டில் தெரியும், வராவிட்டால் தெரியாது, அவ்வளவுதான்.

இனி கிளினிக் விஷயம். அங்கே வருகிற அம்மா கேட்பது ஒரே கேள்வி: "தம்பியைக் கடைக்கு அனுப்பலாமா மேடம், வேலைக்குச் சேர்த்தா நிப்பானா?" மேட்ரிக்ஸ் மார்க்குக்கும் நிஜ வாழ்க்கைக்கும் தொடர்பு உண்டு, ஆனால் சுமாரான தொடர்புதான், ஆயிரம் பேரை வைத்துப் பேசலாம், இந்தத் தம்பியைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே இதை ஒத்துக்கொண்டு, மார்க் ஏறினால் மட்டும் போதாது, அன்றாடக் காரியத்தைக் காட்டும் இன்னொரு அளவும் வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதற்காகப் பயன்படும் யுப்சா டெஸ்டில் போன் பண்ணுவது, பில் கட்டுவது, பஸ் ரூட் பார்ப்பது மாதிரி வேலைகளை நடித்துக் காட்டச் சொல்வார்கள். செக் எழுதுகிற அமெரிக்கப் பழக்கத்தை அப்படியே வைத்தால் இங்கே அர்த்தமில்லை. ரேஷன் கடைக்குப் போய் என்னென்ன வாங்கணும், மீதிச் சில்லறை எவ்வளவு, ஜிபே பண்ணும்போது எதைப் பார்த்து அழுத்தணும், இப்படி மாற்றித்தான் கேட்கணும். மாற்றினால் அதையும் புதிதாக வேலிடேட் பண்ணணும், விடமாட்டேன்.

டெஸ்டுக்கு முன்னால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில், நம் ஆட்கள் டிஎச்பி என்பார்கள், அது ஞாபகத்தைக் குறைக்கும். சொல் பட்டியலில் மார்க் விழுந்தால் நோய் என்று எழுதுவதற்கு முன் டாக்டரிடம் அதைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கிளினிக்குக்கு நான் சொல்வது பேக்ஸ் என்ற இன்னொரு டெஸ்ட் தொகுப்பு. டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கீஃப் குழு 2004-இல் வெளியிட்டது, 6 டெஸ்ட், 35 நிமிஷம். 150 நோயாளிகளையும் 50 நோய் இல்லாதவர்களையும் வைத்துச் சோதித்து, ரெண்டு மணி நேரத்துக்கு மேல் போகிற பழைய பேட்டரிக்கு ஈடாக வித்தியாசத்தைக் காட்டுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். மேட்ரிக்ஸில் இருக்கும் சிம்பல் கோடிங்கே இங்கிருந்து போனதுதான். எண்களைக் கலைத்துச் சொல்லி ஏறுவரிசையில் கேட்கிறார்கள், எழுத்துத் தொல்லை இல்லை. ரெண்டு கையாலும் பிளாஸ்டிக் டோக்கன்களை ஒரு நிமிஷம் டப்பாவில் போடும் டெஸ்ட் மாத்திரையின் பக்கவிளைவையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்கும் இடத்தை மட்டும் மாற்றணும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் டெஸ்டில் க, ப, ம வைத்துச் செய்வதைப் பார்த்துக்கொள்ளலாம். டேப்லெட் பதிப்பும் வந்திருக்கிறது, நேரத்தைத் தானே எண்ணிக்கொள்ளும், ஸ்டாப்வாட்ச் சண்டை மிச்சம். ஆனால் டச் ஸ்கிரீன் பழகாதவருக்கு அது புதுத் தடை, பேப்பரில் எடுத்த பழைய மார்க்கோடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடாதீர்கள். சமூகப் புரிதல் இதில் சுத்தமாக இல்லை, குறைதான்.

நிம்ஹான்ஸ் பேட்டரி, 2004, நம் நாட்டு நார்ம்ஸ், அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவர், பள்ளி, கல்லூரி என்று பிரித்து. நார்ம்ஸுக்காகவே கையில் இருக்கணும். முழுசாகச் செய்தால் நேரம் மாளாது, தேவையானதை மட்டும் எடுங்கள். மோகா, எம்எம்எஸ்இ என்ற சின்ன டெஸ்ட்கள் ரெண்டும் வயதானவர்களின் மறதிக்காகப் பண்ணியவை. எம்எம்எஸ்இயில் இளவயது நோயாளி 30க்கு 29 எடுத்துவிட்டு வீட்டில் கேஸை அணைக்க மறப்பார். அதை வைத்து "அறிவாற்றல் நார்மல்" என்று எழுதுகிறவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக இந்த டெஸ்ட்களுக்குப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். மனநோய்க்கு அங்கே பார்ப்பது ஐடியாஸ் அளவுகோல்: தன் வேலையைத் தான் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை, இவற்றோடு நோய் எத்தனை வருஷம் என்பது. கேட்டு மார்க் போடுவது, பெட்டி தேவையில்லை.

ஆராய்ச்சிக்காக மேட்ரிக்ஸ் வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு: பல கம்பெனிகளின் டெஸ்ட்களைச் சேர்த்துக் கட்டிய பெட்டி இது, ஒவ்வொரு ஆளுக்கும் புதுப் படிவம் வேண்டும், ஜெராக்ஸ் எடுத்தால் காப்புரிமை மீறல். மொழிபெயர்ப்புக்கான அனுமதியை ஆர்டர் போடும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்திக்ஸ் கமிட்டி தேதி குறித்துவிட்டு அப்புறம் கேட்டால் திட்டம் அப்படியே நிற்கும். மானியக் கணக்கில் படிவச் செலவைத் தனி வரியாகக் காட்டுங்கள், நோய் இல்லாத தமிழ் பேசுகிறவர்களுக்கு வைக்க வேண்டிய படிவங்களையும் சேர்த்து.